ஒரே கார்ட்டூனைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். நான்கு வயது மகளுக்காகப் பழைய கார்ட்டூன்கள் நாற்பது அடங்கிய டிவிடி தொகுப்பு ஒன்று வாங்கினீர்கள். அவள் அதில் மூன்றே மூன்றைத்தான் மறுபடி மறுபடி போடச் சொல்கிறாள். பிள்ளையோடு சேர்ந்து பார்ப்பது நல்லது என்று படித்திருப்பதால் நீங்களும் பக்கத்தில் உட்கார்கிறீர்கள். பத்து நிமிடத்தில் சலிப்பு தட்டுகிறது. போனை எடுத்தால் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி "இங்க பாரு" என்கிறாள். சரி, உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று நடுவில் கேள்வி கேட்டால் "பேசாம பாரு" என்று கோபப்படுகிறாள். இது அவளுக்கு நல்லதா, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: அந்த சோபாவில் உங்களுக்கு என்னதான் வேலை?

குழந்தை வளர்ச்சி படித்தவன் நான். பல ஆண்டுகளாக மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும் வேலை செய்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன், அங்கே உங்களுக்குப் பாடம் நடத்தும் வேலை கிடையாது. அவள் ரசிப்பதைக் கூட இருந்து ரசிக்கிற ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அந்த நேரத்தில் அவள் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். உங்கள் சலிப்பும் பாதி அதிலேயே போய்விடும்.

ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். இந்த வயதில் அது இயல்பானது, பயனுள்ளதும்கூட. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1996இல் அமெரிக்காவில் 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற மழலையர் நிகழ்ச்சி தொடங்கியபோது, ஒரே அத்தியாயத்தை ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பினார்கள். பெரியவர்கள் இரண்டாம் நாளே சேனலை மாற்றிவிடுவார்கள். பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தபோதோ, பார்க்கப் பார்க்கப் புரிதல் கூடியது. திரையைப் பார்த்துப் பதில் சொல்வதும் கைநீட்டிக் காட்டுவதும்கூட முதல் முறையைவிடப் பின்னால்தான் அதிகமாயின.

காரணம் எளிது. ஏழு நிமிடக் கார்ட்டூனை முதல்முறை பார்க்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது ஒரே கதையாகத் தெரிவதில்லை. யாரோ ஓடுகிறார்கள், ஏதோ உடைகிறது, சிரிப்புச் சத்தம், அவ்வளவுதான். யார் யாரைத் துரத்துகிறார், ஏன் துரத்துகிறார் என்பது இரண்டாவது, மூன்றாவது முறையில்தான் பிடிபடும். அதற்கு அப்புறம் வருவதுதான் பெரிய சந்தோஷம்: அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும், அவள் நினைத்தபடியே நடக்கிறது. அவளைச் சுற்றியுள்ள உலகத்தில் முக்கால்வாசி விஷயங்கள் அவளைக் கேட்காமல்தான் நடக்கின்றன. எப்போது தூங்குவது, எப்போது கிளம்புவது எல்லாம் மற்றவர்கள் முடிவு செய்வது. இந்த ஏழு நிமிடத்தில் மட்டும் எல்லாம் அவளுக்குத் தெரிந்தபடி நடக்கிறது.

அடுத்த முறை திரையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். ஒரு பாத்திரம் மலை விளிம்பைத் தாண்டி ஓடி, ஒரு விநாடி வெறும் காற்றில் நின்று, கீழே பார்த்துவிட்டு விழுகிற காட்சி ஏறக்குறைய எல்லாப் பழைய தொகுப்பிலும் இருக்கும். புதிதாகப் பார்க்கும்போது பிள்ளைகள் அவன் விழுந்த பிறகு சிரிப்பார்கள். சில முறை பார்த்தபின் அவன் கீழே பார்க்கும்போதே சிரிப்பு வரும். இன்னும் சில முறை போனால் அவன் விளிம்பை நெருங்கும்போதே உதட்டோரம் துடிக்கும், வாயைக் கையால் பொத்திக்கொள்வார்கள், உடனே உங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். "உனக்கும் தெரியும்தானே, இப்போ வரப்போகுது" என்று கேட்கிற பார்வை அது. அந்த அரை விநாடியில் நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் கன்னத்தைப் பிடித்துத் திருப்புகிறாள். ஆகவே போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். பழகிய படத்தில் நீங்கள் பார்க்கப் புதிதாக ஒன்றும் இருக்காது, ஆனால் அவள் முகத்தில் ஒவ்வொரு முறையும் ஏதாவது புதிதாக இருக்கும்.

"பொம்மை மாதிரி வைத்த கண் வாங்காமல் பார்க்கிறாள், மூளை வேலை செய்கிறதா" என்றும் எழுதியிருந்தீர்கள். இந்தப் பயம் நிறையப் பேருக்கு உண்டு. 1980களின் தொடக்கத்தில் சில ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சிறுவர் நிகழ்ச்சி ஒன்றின் பேச்சைப் பின்னோக்கி ஓடவிட்டும், பிள்ளைகளுக்குத் தெரியாத மொழிக்கு மாற்றியும் காட்டினார்கள். படத்தில் வண்ணம், அசைவு எல்லாம் அப்படியே இருந்தன, ஆனால் பிள்ளைகள் திரையைப் பார்ப்பது குறைந்துபோனது. புரிகிறவரைதான் பார்க்கிறார்கள், புரியாவிட்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. உங்கள் மகள் கண் கொட்டாமல் பார்க்கிறாள் என்றால் பெரும்பாலும் உள்ளே வேலை நடக்கிறது என்றுதான் அர்த்தம். டிவிடியில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் இருந்தால் வீட்டில் பேசும் மொழியையே முதலில் போடுங்கள்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விஷயம் வேறு. நேரில் ஒருவர் செய்துகாட்டினால் அவர்கள் சட்டென்று கற்றுக்கொள்வதைத் திரையில் பார்த்து அந்த அளவுக்குக் கற்பதில்லை. இது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதையும் மடியில் உட்காரவைத்துப் பார்ப்பதில் லாபம் இல்லை.

அடுத்து, நீங்கள் கேள்வி கேட்டால் அவள் கோபப்படுவது. இதில் நீங்கள் படித்ததும் சரி, அவள் கோபமும் சரி. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கதை வீடியோவை இடையிடையே நிறுத்திப் பிள்ளைகளிடம் பேச மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சில வாரம் அப்படிப் பார்த்த பிள்ளைகளுக்குக் கதையும் புதிய சொற்களும் நன்றாகப் பதிந்தன. ஆனால் அதிலும் வீடியோவை நிறுத்திவிட்டுத்தான் பேசினார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்கிற கேள்விக்குப் பதில் யோசித்தால் அடுத்த காட்சி போய்விடும். "இது என்ன நிறம்", "எத்தனை வாத்து" மாதிரிக் கேள்விகள் இன்னும் மோசம். உங்களுக்கே பதில் தெரிந்த ஒன்றை எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும். அது பரீட்சை.

எனக்கு நடைமுறையில் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன். புதிய படம் என்றால் முதல்முறை வாயே திறக்காதீர்கள். மூன்றாம், நான்காம் முறையில் கேள்விக்குப் பதிலாக உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்: "அந்த நாய் பாவம், அதுக்கு யாருமே சொல்லல." சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அவளுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்வாள். அவள் சொல்வதைத் திருத்தாதீர்கள். கேட்டே ஆக வேண்டும் என்றால் உங்களுக்கு உண்மையிலேயே தெரியாததைக் கேளுங்கள், "இந்தப் பூனை ஏன் அந்தக் கதவைத் திறக்கல?" மாதிரி. அவள்தான் அந்தப் படத்தில் நிபுணர். நிபுணரிடம் கேட்பதுபோல் கேட்டால் நின்று நிதானமாக விளக்குவாள்.

வசனமே இல்லாத கார்ட்டூன்கள் உங்கள் தொகுப்பில் சில இருக்கும், அவற்றைத் தேடி எடுங்கள். பேச்சு வளர்க்க அவற்றைப்போல் உதவுவது வேறு இல்லை என்பது என் கருத்து. செக்கோஸ்லோவாக்கியாவில் 1950களில் தொடங்கிய அகழெலிக் கார்ட்டூன் வரிசையை உருவாக்கிய ஸ்தெனேக் மிலர், முதல் படத்துக்குப் பிறகு வசனத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். அகழெலியின் சிரிப்புக்கும் சின்னச் சின்னச் சத்தங்களுக்கும் தன் மகள்களின் குரலையே பயன்படுத்தினார். எந்த மொழிப் பிள்ளைக்கும் அந்தப் படங்கள் புரிகின்றன. இப்படிப்பட்ட ஒன்றைப் பழகியபின், சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆளுக்கொரு பாத்திரத்துக்குக் குரல் கொடுங்கள். நீங்கள் வேண்டுமென்றே தப்பான வசனம் பேசினால் சிரித்துக்கொண்டே திருத்துவாள். கேள்வி கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்லும் பிள்ளைகூட இந்த விளையாட்டில் நீளமாகப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

கதையின் நீதியைப் பற்றி ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். 2008இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மறக்கவே மறக்காது. மூன்று கால் நாய் ஒன்றை மற்ற நாய்கள் முதலில் பயந்து ஒதுக்கி, பிறகு சேர்த்துக்கொள்ளும் கார்ட்டூனைக் கிட்டத்தட்ட ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். வித்தியாசமாக இருப்பவர்களை ஒதுக்கக்கூடாது என்பது கதையின் நீதி. பல பிள்ளைகளுக்கு அது எட்டவே இல்லை. மூன்று கால் நாய்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பதுதான் சிலருக்குக் கிடைத்த பாடம். படத்தின் பெரும்பகுதியில் பயமும் ஒதுக்கலும் காட்டிவிட்டுக் கடைசி நிமிடத்தில் திருந்துவதாகக் காட்டினால், சின்னப் பிள்ளைகளின் மனதில் அந்தப் பெரும்பகுதிதான் நிற்கிறது. ஆகவே "நல்ல கருத்து உள்ளது" என்று உறையில் போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். படத்தில் அதிக நேரம் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

பழைய தொகுப்பு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'டாம் அண்ட் ஜெர்ரி' 1940இல் தொடங்கியபோது அது திரையரங்கில் முழுநீளப் படத்தோடு சேர்த்துக் காட்டிய குறும்படம். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்ட்டூன்களில் பெரும்பாலானவை அப்படித்தான், அரங்கத்தில் இருந்த எல்லா வயதினருக்கும் எடுத்தவை. சிகரெட், துப்பாக்கி, கறுப்பின மக்களையும் ஆசிய மக்களையும் கேலி செய்யும் சித்திரங்கள் எல்லாம் அவற்றில் உண்டு. சில தொகுப்புகளின் தொடக்கத்தில் இதைப் பற்றிய எச்சரிக்கையே வரும். நான்கு வயதில் அவற்றை விளக்கிப் புரியவைக்க முடியாது. நாற்பதையும் நீங்கள் தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்து, வேண்டாதவற்றின் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு தாண்டிவிடுங்கள். எட்டு, ஒன்பது வயதில் அதே படங்களை எடுத்துவைத்துப் பேசினால் நல்ல உரையாடலாக அமையும்.

பயம் வந்தால்? "அது நிஜம் இல்லை கண்ணு" என்பதுதான் நம் வாயில் முதலில் வருகிறது. இந்த வயதில் அது அதிகம் எடுபடாது. 1990இல் நடந்த ஒரு சோதனையில், திரையில் தெரியும் கிண்ணத்திலுள்ள பாப்கார்ன் டிவியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கொட்டுமா என்று கேட்டதற்கு மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் கொட்டும் என்றார்கள். நான்கு வயதில் இது தெளிய ஆரம்பிக்கிறது, ஆனால் பயம் வரும் நேரத்தில் அந்தத் தெளிவு கைகொடுக்காது. சின்னப் பிள்ளைகள் பயப்படுவது தோற்றத்துக்கு: பெரிய பல், உருமாறும் முகம், திடீர்ச் சத்தம். சொற்களைவிட மடியும் கையும்தான் அப்போது உதவும். ரிமோட்டை அவள் கையில் கொடுத்து, "பயமா இருந்தா நீயே நிறுத்து" என்று சொல்லுங்கள். பல பிள்ளைகள் நிறுத்துவதே இல்லை, நிறுத்த முடியும் என்று தெரிவதே தைரியம் கொடுத்துவிடுகிறது.

வேகமான கார்ட்டூன் கவனத்தைக் கெடுக்குமா என்பதில்தான் விஷயம் தெளிவாக இல்லை. 2011இல் வந்த ஓர் ஆய்வை வைத்துத்தான் பல பயமுறுத்தும் தலைப்புகள் வந்தன. நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேர், வேகமான கார்ட்டூன் 9 நிமிடம், உடனடியாகச் சில சோதனைகள். படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளைவிடக் கார்ட்டூன் பார்த்தவர்கள் பொறுத்திருப்பதிலும் யோசித்துச் செய்வதிலும் பின்தங்கினார்கள். ஆனால் அளந்தது உடனடி விளைவைத்தான். அது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அதே ஆய்வாளர்கள் பிற்பாடு, காரணம் வேகம் என்பதைவிட உலகில் நடக்கவே முடியாத சம்பவங்கள் அடுத்தடுத்து வருவதாக இருக்கலாம் என்றார்கள். இதை வைத்து ஒரு கார்ட்டூனைத் தடைசெய்ய வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பார்த்து முடித்த கையோடு எழுதவோ, பொறுமை தேவைப்படும் வேறு எதையுமோ செய்யச் சொல்லாதீர்கள். ஓடி விளையாட விடுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு முதல் நான்கு வயது வரை, உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. பழைய திரையரங்கக் குறும்படம் ஒன்று ஆறிலிருந்து எட்டு நிமிடம் ஓடும். அவளுக்குப் பிடித்த மூன்றும் சேர்ந்தால் இருபது நிமிடம் சொச்சம்தான். தொகுப்பில் பார்ப்பதில் எனக்குப் பிடித்ததே இதுதான், படம் முடிந்தால் முடிந்தது. அடுத்தடுத்துத் தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். "எல்லாவற்றையும் ஓட்டு" என்ற மெனு பக்கமே போகாதீர்கள். "இன்னும் இரண்டு நிமிடம்தான்" என்று எச்சரிப்பது அழுகையைக் குறைக்கும் என்று நாமெல்லாம் நினைக்கிறோம். 2016இல் சில குடும்பங்களின் அன்றாடக் குறிப்புகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் அது நேர்மாறாக இருந்தது, எச்சரித்தபோதுதான் ரகளை கூடியது. படம் இயல்பாக முடிகிற இடத்தில் நிறுத்தியபோது எளிதாக எழுந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் நான் பார்த்த வீடுகளோடு ஒத்துப்போகிறது. எத்தனை படம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், கடைசியில் அணைக்கும் பட்டனை அவளே அழுத்தட்டும். யாரும் பார்க்காதபோது டிவி சும்மா ஓடிக்கொண்டிருக்க வேண்டாம். பின்னணியில் ஓடினாலே பெற்றோர் பிள்ளையோடு பேசுவது குறைகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்.

அறையில் விளக்கு எரியட்டும், திரைக்கு ரொம்பக் கிட்டே உட்கார வேண்டாம். 1997 டிசம்பரில் ஜப்பானில் 'போக்கிமான்' தொடரின் ஓர் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. உங்கள் மகளுக்கோ குடும்பத்தில் யாருக்கோ வலிப்பு வந்ததுண்டு என்றால் இதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள். அதேபோல் அவள் பேச்சு வயதுக்குத் தகுந்தபடி இல்லை என்ற கவலை உங்களுக்கு இருந்தால், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது. நேரில் ஒரு நிபுணர் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் சலிப்புக்கு வருகிறேன். பழைய கையால் வரைந்த கார்ட்டூன்களில் பெரியவர்கள் ரசிக்க ஒரு தனி உலகமே இருக்கிறது. திரைப்படம் விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாத தனித்தனிப் படங்கள், ஓடுகிறது. பொதுவாக ஓர் ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு வைப்பார்கள், வேகமான அசைவுக்கு ஒவ்வொரு பிரேமுக்கும் ஓர் ஓவியம். ஏழு நிமிடப் படத்தில் 10,000 பிரேமுக்கு மேல் வரும். ஒரு பாத்திரம் மின்னல் வேகத்தில் பாயும் இடத்தில் படத்தை நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். பல டிவிடி கருவிகளில் நிறுத்தும் பட்டனையே மறுபடி அழுத்தினால் நகரும், கணினியில் இன்னும் சுலபம். நடுவில் ஒரு பிரேமில் அந்தப் பாத்திரத்துக்கு ஆறு கை இருக்கும், அல்லது மூக்கு ரப்பர்போல் திரையின் மறுமுனைவரை இழுபட்டிருக்கும். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத அந்த ஓவியத்தை யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை போடும் கூச்சலை நீங்கள் கேட்க வேண்டும். பயந்த காட்சியையும் இப்படிப் பிரேம் பிரேமாகப் பார்த்தால் பூதம் வெறும் கோடும் வண்ணமுமாகத் தெரியும். "நிஜம் இல்லை" என்று நாம் வாயால் சொல்லி நடக்காதது இதில் சில சமயம் நடக்கும்.

இன்னொரு விளையாட்டு. பின்னணியைத் தாளில் நீர்வண்ணத்தில் தீட்டுவார்கள், அசையும் பொருளை மட்டும் கண்ணாடிபோன்ற தாளில் சீரான வண்ணத்தில் வரைந்து அதன்மேல் வைப்பார்கள். அதனால் ஒரு பாறைக் குவியலில் எந்தப் பாறை உருளப்போகிறது என்று அதன் நிறத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். துரத்தும் காட்சியில் அதே மரமும் அதே ஜன்னலும் எத்தனை முறை கடந்துபோகின்றன என்று எண்ணலாம். பிற்பாடு தொலைக்காட்சிக்கென்று குறைந்த செலவில் எடுத்தவற்றில் உடல் அசையாமல் இருக்கும், தலை மட்டும் பேசும். தலையும் உடலும் சேரும் இடத்தை மறைக்கத்தான் பல விலங்குகளுக்குக் கழுத்தில் காலரும் டையும் மாட்டியிருப்பார்கள். ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் அப்புறம் அவளே தேடிக் காட்டுவாள். தடித்த நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாகப் பந்து வரைந்து, விரலால் புரட்டிக் குதிக்கவைத்துக் காட்டுங்கள். பந்து தரையைத் தொடும் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தட்டையாக வரையுங்கள், உயிர் வந்துவிடும்.

மீதி முப்பத்தேழு படங்களை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அவசரம் எதற்கு? பிடித்த இரண்டுக்கு நடுவில் புதியது ஒன்றைப் போட்டுப் பாருங்கள், "நான் இதைப் பார்த்ததே இல்லை" என்று சொல்லி நீங்கள் பார்க்க ஆரம்பியுங்கள். எழுந்து போனால் போகட்டும், நீங்கள் தொடர்ந்து பாருங்கள். நீங்கள் சிரிக்கிற சத்தம் கேட்டால் திரும்பி வருவாள், பெரும்பாலும் பாதியில், "முதல்லேந்து போடு" என்று சொல்லிக்கொண்டே.